ஸ்டீயரிங் எப்போது ஆடுகிறது?

"ஸ்டீயரிங் ஆடுதுங்க" என்று ஏதாவது ஒரு பட்டறையில் போய்ச் சொல்லிப் பாருங்கள். அலைன்மென்ட் போயிருக்கும் என்பார் ஒருவர். அடுத்த தெருவில் டிஸ்க் என்பார்கள். அதற்கும் அடுத்த தெருவில் டை ராட் எண்ட். யாரும் பொய் சொல்லவில்லை. ஸ்டீயரிங் ஆட்டத்துக்குப் பத்துப் பதினைந்து காரணங்கள் இருக்கின்றன. எது காரணமானாலும் கையில் தெரிவது ஒரே நடுக்கம்தான். வயிற்றுவலி என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால் டாக்டர் உடனே கத்தியை எடுப்பதில்லை. எங்கே வலி, எப்போது வலி, சாப்பிட்ட பிறகா வெறும் வயிற்றிலா என்று கேட்பார். வண்டிக்கு மட்டும் அந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு வேறு மாதிரி சொன்னால் சட்டென்று புரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் எங்கோ தப்பு இருக்கிறது என்று தெரியும். எங்கே என்று அது சொல்லாது. வித்தியாசத் தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு அன்றைக்குத் தூங்கப் போகலாம். தப்பு அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங் ஆடுகிறதே என்று கண்ணில் பட்ட பாகத்தை எல்லாம் மாற்றுவதும் சஸ்பென்ஸ் கணக்குதான். என்ன, அதற்கு பில் வேறு வரும்.

சரி, கதைக்கு வருவோம்.

பெரம்பலூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் கணவன் மனைவி. பெயர் வேண்டாம். கூடவே அவருடைய அம்மா. 2023ஆம் வருடக் கோடையில் அந்த அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று ஆபரேஷன் ஆகியிருந்தது. அடுத்து கதிர்வீச்சு சிகிச்சை, மொத்தம் 25 தடவை. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஒரு தடவையாக ஐந்து வாரம். சிகிச்சை என்னவோ சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களுக்காக தினமும் திருச்சி போய்வர வேண்டும். போக வர 120 கிலோமீட்டர், கொஞ்சம் கூடக் குறைய.

பஸ்ஸில் கூட்டிப்போக முடியாது. ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையைத் தூக்க முடியாமல், அக்குளுக்கு அடியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு சாய்ந்தபடிதான் அந்த அம்மாவால் உட்கார முடிந்தது. வீட்டில் ஒரு சின்ன கார் இருந்தது. 2014 மாடல், இரண்டு வருடத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்பக்கம் டிஸ்க் பிரேக், பின்பக்கம் டிரம், 13 இன்ச் வீல். முதல் ஓனர் அதிகம் ஓட்டவில்லை. டயரில் பட்டன் அப்படியே இருக்கிறது என்று சொல்லித்தான் புரோக்கர் விற்றார்.

முதல் மூன்று நாளும் வண்டி ஒழுங்காக ஓடியது. நாலாவது நாள் பாடாலூர் தாண்டி நாலுவழிச் சாலையில் 85ஐத் தொட்டபோது ஸ்டீயரிங் நடுங்கியது. விரல் நுனியில் சின்னதாக ஒரு கூச்சம், அவ்வளவுதான். ரோடு சரியில்லை போல என்று அவர் விட்டுவிட்டார். அடுத்த நாள் அதே இடத்தில் அதே வேகத்தில் நன்றாகவே ஆடியது. பின்சீட்டில் இருந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த மனைவிதான் அவர் கையைப் பார்த்தார்.

இந்த இடத்தில் அவருடைய நிலைமையையும் பார்க்க வேண்டும். சிகிச்சையை நடுவில் நிறுத்தக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வண்டியை நாலு நாள் பட்டறையில் விட வழியில்லை. கையில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஒரே நாளில் சரியாக வேண்டும். அவசரத்தில் இருக்கிற மனிதனுக்குக் கேள்வி பிடிக்காது, பதில்தான் பிடிக்கும். பதில் கொடுக்கவும் ஊரில் ஆள் இருந்தார்கள்.

முதல் ஞாயிறு அலைன்மென்ட். 500 ரூபாய். கம்ப்யூட்டர் திரையில் சிவப்பாக இருந்த எண்கள் பச்சையாக மாறின. திங்கட்கிழமை 85இல் ஸ்டீயரிங் ஆடியது.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அலைன்மென்ட் வேறு, பாலன்ஸிங் வேறு. இரண்டையும் ஒரே கடையில் ஒரே மூச்சில் செய்வதால் பலருக்கும் இரண்டும் ஒன்றுதான். அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றன, எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கின்றன என்கிற விஷயம். அது தப்பினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். அப்படித் தேய்ந்த டயர் பிற்பாடு ஆட்டத்தைக் கொடுக்கலாம். ஆனால் நேராக ஓடும் வண்டி, இழுவை இல்லை, வேகத்தில் மட்டும் நடுங்குகிறது என்றால் அலைன்மென்ட் முதல் சந்தேகமே கிடையாது.

பாலன்ஸிங் என்பது எடை விஷயம். சக்கரத்தைச் சுற்றி எடை சமமாகப் பரவியிருக்க வேண்டும். ரிம் ஓரத்தில் 20 கிராம் கூடிவிட்டது என்று வையுங்கள். 20 கிராம் ஒரு பெரிய விஷயமா? இந்த 13 இன்ச் வீல் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் ஓடும். 90 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். ஆக, நொடிக்கு 14 சுற்று. அந்த வேகத்தில் சுற்றும்போது அதே 20 கிராம் சக்கரத்தை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை, இரண்டரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். நொடிக்கு 14 தடவை மேலும் கீழும் முன்னும் பின்னும் அந்த இழுப்பு. வேகம் பாதியானால் விசை கால்வாசி ஆகிவிடும். 45இல் அதே 20 கிராமுக்கு 600 கிராம் சொச்சம்தான். அதனால்தான் ஊருக்குள் ஒன்றும் தெரியாத வண்டி ஹைவேயில் ஆடுகிறது.

இன்னொரு சங்கதியும் உண்டு. சக்கரமும் அதைத் தாங்கும் சஸ்பென்ஷனும் சேர்ந்து இயல்பாகவே நொடிக்குப் பத்து முதல் பதினைந்து தடவை குதிக்கக்கூடியவை. ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் ஆட்டம் ஏறிக்கொண்டே போகும் இல்லையா? அதே மாதிரி 80, 90இல் சக்கரம் சுற்றும் கணக்கும் இந்தக் குதிக்கும் கணக்கும் ஒத்துப்போகின்றன. ஆட்டம் உச்சத்துக்குப் போகிறது. சில வண்டிகளில் அதையும் தாண்டி வேகம் எடுத்தால் ஆட்டம் குறைந்துவிடும். குறைந்துவிட்டதே, சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது.

இரண்டாவது ஞாயிறு வேறொரு மெக்கானிக். அவர் ஒரு கேள்வி கேட்டார், அதையாவது பாராட்ட வேண்டும். "பிரேக் அடிக்கிறப்ப ஆடுதா அண்ணே?" இவர் யோசித்தார். சுங்கச்சாவடிக்கு முன்னால் 90இல் இருந்து பிரேக் போடும்போது ஆடுவது நினைவுக்கு வந்தது. ஆமாம் என்றார். "அப்ப டிஸ்க் பெண்டு." முன்பக்க டிஸ்க் இரண்டு, பிரேக் பேட், கூலி எல்லாம் சேர்த்து 5,800 ரூபாய். திங்கட்கிழமை பாடாலூர் தாண்டியதும் ஸ்டீயரிங் ஆடியது.

இந்தத் தப்பு எப்படி நடந்தது என்பதைக் கவனியுங்கள். டிஸ்க் சீராக இல்லையென்றால் பிரேக் போடும்போது ஸ்டீயரிங் ஆடும் என்பது உண்மை. டிஸ்க்கின் தடிமன் சுற்றிவர ஒரே அளவாக இல்லாமல், மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு வித்தியாசப்பட்டாலே கையிலும் பிரேக் மிதியிலும் துடிப்பு தெரிய ஆரம்பிக்கும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான வித்தியாசம் அது. பட்டறையில் பெண்டு என்று சொன்னாலும், பெரும்பாலும் டிஸ்க் வளைந்திருக்காது, தடிமன்தான் மாறியிருக்கும். ஆனால் இந்த வண்டி பிரேக்கைத் தொடாமல் 85இல் போகும்போதும் ஆடியது. 90இல் இருந்து பிரேக் போட்டால் வண்டி 85, 80 வழியாகத்தானே இறங்க வேண்டும்? அந்த வேகத்துக்கே உரிய ஆட்டம், பிரேக் போடும் நேரத்தில் வந்ததால் பழி பிரேக் மேல் விழுந்தது. பிரேக்கா என்று தெரிய வேண்டுமானால், ஆட்டம் இல்லாத 60 வேகத்தில் இருந்து பிரேக் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அப்போதும் துடித்தால் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம்.

மூன்றாவது ஞாயிறு டை ராட் எண்ட் இரண்டு பக்கமும். 1,700 ரூபாய். அதை மாற்றினால் அலைன்மென்ட் மறுபடி பார்த்தாக வேண்டும், அதற்கு இன்னொரு 500. மாற்றுவதற்கு முன்னால் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடங்களில் கை வைத்து ஆட்டிப் பார்த்திருந்தால் லூஸ் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்திருக்கும். பன்னிரண்டிலும் ஆறிலும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட், வீல் பேரிங் கதை தெரியும். இதெல்லாம் காசில்லாத சோதனைகள். அதுவும் போக, இந்த ஜாயின்ட்டுகளில் உள்ள லூஸ் ஆட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டுமே ஒழிய, நேர் ரோட்டில் நடுக்கத்தைத் தானாக உண்டாக்குவது அபூர்வம்.

பதினாறாவது நாள், திங்கட்கிழமை. ஸ்டீயரிங் ஆடியது. அன்றைக்கு அவர் ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றார். பின்னாலிருந்து அம்மா, "தம்பி, நாளையிலேருந்து பஸ்ஸுலயே போயிக்கலாமுடா" என்றார். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மனைவி இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றார்.

கடைக்கு அவர்தான் கணக்கு எழுதுகிறவர். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் ராத்திரி கணக்கு பத்து ரூபாய் உதைத்தாலும் அந்தப் பத்து ரூபாய் கிடைக்காமல் ஷட்டரை இறக்க மாட்டார்.

"ஏங்க, கல்லாவுல காசு குறைஞ்சா முதல்ல என்ன கேப்போம்? யாரு எடுத்தான்னா?"

"..."

"எப்பக் குறைஞ்சுதுன்னு தானே கேப்போம். காலையில எண்ணி, மத்தியானம் எண்ணி, எந்த நேரத்துல குறைஞ்சுதுன்னு தெரிஞ்சாத்தான் அப்ப கடையில யாரு இருந்தாங்கன்னு வரும். மூணு வாரமா இந்த வண்டிய 'யாரு'ன்னுதான் கேட்டுக்கிட்டிருக்கோம். 'எப்ப'ன்னு கேக்கலையே."

அடுத்த நாள் காலை ஒரு நாற்பது பக்க நோட்டு வண்டியில் ஏறியது. கோடு போட்டு ஐந்து பத்தி. வேகம். கால் எதன் மேல் இருக்கிறது. ஆட்டம் எங்கே தெரிகிறது. ரோடு எப்படி. வண்டி சூடா, அப்போதுதான் எடுத்ததா. அவர் ஓட்டுவார், மனைவி கேட்டுக் கேட்டு எழுதுவார். பின்சீட்டு ரிப்போர்ட் அம்மாவுடையது.

முதல் கேள்வி, வண்டி நிற்கும்போது ஆடுகிறதா? நிறுத்திவைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்த்தார்கள். இல்லை. ஏசி போட்டும் இல்லை. இன்ஜின் மவுண்டிங் கிழிந்திருந்தால் நிற்கும்போதே, அதுவும் ஏசி போட்டால், நடுக்கம் தெரிந்திருக்கும்.

இரண்டாவது, இன்ஜினோடு சேர்ந்து ஆடுகிறதா, சக்கரத்தோடு சேர்ந்து ஆடுகிறதா? ஆளில்லாத நேரான ரோட்டில் 90இல் போகும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஒரு சில நொடி கிளட்ச்சை மிதித்தார். இன்ஜின் சத்தம் அடங்கியது. ஆட்டம் அடங்கவில்லை. ஆக, இன்ஜின் இல்லை. டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட் தேய்ந்திருந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதித்து இழுக்கும்போது குலுக்கும், காலை எடுத்தால் குறையும். அதுவும் இல்லை. (இந்தச் சோதனையை யாராவது செய்தால் சாவியை மட்டும் திருப்பி அணைத்துவிடாதீர்கள். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.)

மூன்றாவது, 60இல் இருந்து பிரேக். ஒன்றுமில்லை. அந்த வரியை எழுதிவிட்டு மனைவி நிமிர்ந்து பார்த்தாராம். 5,800 ரூபாய் அந்த ஒரு வரியில் இருந்தது.

நாலாவது, எங்கே தெரிகிறது? ஸ்டீயரிங்கில். "அத்தை, உங்களுக்கு சீட்டு ஆடுதா?" "எனக்கு ஒண்ணும் ஆடல ஆயி. அவன் கைதான் ஆடுது, எனக்கே தெரியுது." முன் சக்கரத்தில் கோளாறு என்றால் பெரும்பாலும் ஸ்டீயரிங்கில் தெரியும். பின் சக்கரம் என்றால் சீட்டிலும் தரையிலும் தெரியும். பின்சீட்டில் ஆட்டமில்லை என்ற அம்மாவின் சாட்சியில் பின் சக்கரம் இரண்டும் விடுதலை.

ஐந்தாவது, எந்த வேகத்தில் தொடக்கம், எதில் உச்சம்? 75இல் தொடங்கி 90இல் உச்சம். வண்டி சூடாக இருந்தாலும் சரி, அப்போதுதான் எடுத்திருந்தாலும் சரி, ஒரே மாதிரிதான். ரொம்ப நாள் நிறுத்திவைத்த வண்டியில் டயர் ஒரு இடத்தில் தட்டையாகி ஆடுவது உண்டு. ஆனால் சில கிலோமீட்டர் ஓடிச் சூடானால் அது பெரும்பாலும் போய்விடும். இது அதுவும் இல்லை.

மூன்று நாளில் ஒரு பக்கம் நிறைந்தது. பதினைந்து சந்தேகத்தில் மிச்சம் இருந்தது ஒன்று. முன் சக்கரம் இரண்டில் ஒன்று.

வியாழன் திரும்பும் வழியில் திருச்சியில் பாலன்ஸிங் பார்த்தார்கள். அதற்கு முன்னால் ரிம்மின் உள்பக்கம் சேறு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். மழைக்காலத்தில் மண் ரோட்டில் போய்வந்த பல வண்டிகளுக்கு இந்தச் சேறுதான் முழு நோயும். தண்ணீர் அடித்தால் மருந்து முடிந்தது. இங்கே சேறு இல்லை. வீல் நட்டு எல்லாம் இறுக்கமாக இருந்தன. மிஷினில் போட்டு, வெயிட் ஒட்டி, நாலு சக்கரமும் ஜீரோ காட்டியது. 400 ரூபாய்.

வெள்ளிக்கிழமை ஸ்டீயரிங் ஆடியது.

பழையபடி இருந்திருந்தால் அவர் அன்றைக்கே வண்டியை விற்றிருப்பார். இந்த முறை நோட்டு இருந்தது. அன்றைய பக்கத்தில் புதிதாக ஒரு வரியும் சேர்ந்திருந்தது. சமயபுரம் பக்கம் வண்டி நெரிசலில் 35இல் ஊர்ந்தபோது, ஸ்டீயரிங் மெல்ல இடமும் வலமும் அசைந்தது. நடுக்கம் மாதிரி இல்லை, எருமை நடக்கிற மாதிரி ஓர் அசைவு. வெறும் எடைக் கோளாறுக்கு 35இல் இப்படி ஆட்டுகிற சக்தி கிடையாது, மேலே சொன்ன கால்வாசிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். மெதுவாகப் போகும்போது அசைகிறது என்றால் சக்கரம் வட்டமாக இல்லை என்று அர்த்தம்.

பாலன்ஸிங் மிஷின் சக்கரத்தை அந்தரத்தில் சுற்றி எடையைத்தான் பார்க்கிறது. ரோட்டில் வண்டியின் பாரம் ஏறும்போது டயர் என்ன உருவத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு உருளையை டயர் மேல் அழுத்திப் பார்க்கிற மிஷின்களும் இருக்கின்றன. அவை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஆக, ஜீரோ என்பது "எடை சரி" என்ற சான்றிதழ் மட்டும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆனாலும் கணக்கில் தப்பு இருக்கலாம் என்று முதல் வருடமே சொல்லித்தருகிறார்களே, அதே பாடம்.

அந்த ஞாயிறு அவர் எதையும் மாற்றவில்லை. இடம் மட்டும் மாற்றச் சொன்னார். முன் சக்கரம் இரண்டும் பின்னால், பின் சக்கரம் இரண்டும் முன்னால். யோசனை மனைவியுடையதுதான். கடையில் சந்தேகம் வந்தால் ஆளைக் குற்றம் சாட்டுவதில்லை, கல்லாவில் இருந்து எடுத்து கோடவுனுக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். குறைவதும் கூடவே கோடவுனுக்குப் போனால் விஷயம் முடிந்தது.

திங்கட்கிழமை, இருபத்தோராவது நாள். பாடாலூர் தாண்டியது. 75. 80. 85. ஸ்டீயரிங் கல் மாதிரி நின்றது. அவர் கையைப் பார்த்தார், மனைவியும் பார்த்தார். யாரும் பேசவில்லை. பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, இப்ப எம் முதுகுல ஆடுதுடா."

மூன்று மெக்கானிக்கும் ஒரு கம்ப்யூட்டரும் சொல்லாததை அந்த அம்மாவின் முதுகு சொல்லிவிட்டது. கோளாறு சக்கரத்தோடு பின்னால் போயிருக்கிறது. வண்டியில் கோளாறு இல்லை.

அவர் வேகத்தை 50க்குக் குறைத்துத் திருச்சி போய்ச் சேர்ந்தார். சிகிச்சை முடிகிற நேரத்துக்குள் ஒரு டயர் கடையில் பின்பக்கத்துச் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார்கள். இடப்பக்கத்து டயர். வெளியே பார்த்தால் நல்ல பட்டன். கையால் சுற்றவிட்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் ஊன்றி அதன் நுனியை டயர் அருகில் பிடித்தார் கடைக்காரர். ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் ரப்பர் அந்த நுனியைத் தொட்டுவிட்டுப் போனது. உள்பக்கத்து ஓரத்தில், ஜாக்கி போடாமல் யார் கண்ணிலும் படாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மேடு. டயருக்குள் இருக்கும் ஸ்டீல் பெல்ட்டில் இருந்து மேல் ரப்பர் பிரிய ஆரம்பித்திருந்தது.

"இத வச்சுக்கிட்டா தொண்ணூறுல வந்தீங்க?" என்று மட்டும் கேட்டாராம் கடைக்காரர்.

இப்படிப் பிரிந்த டயர் வேகத்தில் என்ன செய்யும் என்பது உலகத்துக்கே தெரியும். 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது இதே கோளாறுக்காகத்தான். மேல் ரப்பர் வேகத்தில் உரிந்து, வண்டிகள் உருண்டன. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள். 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே காரணம் வேறு, இங்கே காரணம் வயசு. ஆனால் பிரிந்த பிறகு டயருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

வயசு டயரிலேயே எழுதியிருந்தது. எல்லா டயரின் பக்கவாட்டிலும் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இதில் 1114. அதாவது 2014ஆம் வருடத்துப் பதினோராவது வாரம். ஒன்பது வருடப் பழைய டயர். வண்டியோடு வந்தது. முதல் ஓனர் அதிகம் ஓட்டாததால் பட்டன் தேயவில்லை. ஆனால் ரப்பர் ஓடினால் மட்டும் கெடுவதில்லை, நின்றாலும் வெயிலிலும் காற்றிலும் கெட்டிப்பட்டுக் கெடும். ஐந்தாறு வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் டயரைச் சோதிக்க வேண்டும், பத்து வருடம் ஆனால் பட்டன் இருந்தாலும் மாற்ற வேண்டும் என்று பல டயர் நிறுவனங்களே சொல்கின்றன. பட்டன் அப்படியே இருக்கிறது என்று புரோக்கர் பெருமையாகச் சொன்ன அதே விஷயம்தான் மூன்று வாரமாக எல்லோர் கண்ணையும் கட்டியது.

நாலு டயரும் ஒரே வயசு. நாலையும் மாற்றினார்கள். 12,800 ரூபாய். ராத்திரி மனைவி கணக்கு எழுதினார். அலைன்மென்ட் இரண்டு தடவை 1,000, டிஸ்க் 5,800, டை ராட் 1,700, பாலன்ஸிங் 400. மொத்தம் 8,900. இதில் பாலன்ஸிங் 400ஐ மட்டும் "வீண்" என்ற தலைப்பில் சேர்க்கவில்லை. அது ஒரு கேள்விக்குக் கொடுத்த காசு, பதில் வந்தது என்றார். மிச்சம் 8,500 பதிலுக்குக் கொடுத்த காசு. கேள்விதான் இல்லை.

மெக்கானிக்குகளைத் திட்டிப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், கடைசி வண்டி, "இன்னிக்கே ஆகணும்" என்று ஒருவர் தலைமேல் நின்றால் யாரும் எதையாவது மாற்றித்தான் அனுப்புவார்கள். 90இல் வண்டி என்ன செய்கிறது என்று அவர்கள் பட்டறைக்குள் பார்க்க முடியாது. அதைப் பார்ப்பவர் தினமும் ஓட்டுகிறவர் ஒருவர்தான். அவர் "ஆடுது" என்ற ஒரு சொல்லோடு போனால், அவர்கள் கையில் ஒரு சொல்லுக்கான வைத்தியம்தான் இருக்கும். "75இல் தொடங்குது, 90இல் உச்சம், பிரேக்குக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, கிளட்ச் மிதிச்சாலும் போகல, ஸ்டீயரிங்கில் மட்டும், இப்ப 35லயும் அசையுது" என்று போய் நின்றால் பாதி வேலை வாசலிலேயே முடிந்துவிடும்.

உங்கள் வீட்டு வண்டியும் ஆடினால் முதலில் காசில்லாத காரியங்களைப் பாருங்கள். காற்று, வீல் நட்டு, ரிம்முக்குள் சேறு, டயரின் உள்பக்கத்து ஓரம், அந்த நாலு இலக்கம். மெதுவாகப் போகும்போதே அசைகிறது என்றாலோ, ஆட்டம் நாளுக்கு நாள் ஏறுகிறது என்றாலோ, வேகத்தைக் குறைத்து அன்றைக்கே டயர் கடைக்குப் போய்விடுங்கள். மற்றதை எல்லாம் நிதானமாக எழுதிப் பார்க்கலாம்.

அந்த நோட்டு இன்னும் கடையில் இருக்கிறது. மிச்சப் பக்கங்களில் இப்போது பால் கணக்கு ஓடுகிறது. வண்டிக் கணக்கின் கடைசி வரி இருபத்தைந்தாவது நாள் எழுதியது. வேகம் 80. ரோடு நல்ல ரோடு. ஆட்டம் எங்கே என்ற பத்தியில் "இல்லை". அதற்குப் பக்கத்தில் கோட்டுக்கு வெளியே, கொஞ்சம் சின்ன எழுத்தில்: "அத்தை தூங்கிட்டாங்க."